தனியா ஆடுற ஆட்டத்துல பார்ட்னர் எதுக்கு? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஸ்னூக்கர் உலகக் கோப்பை பத்தி அரைப் பக்கம் எழுதியிருந்தேன், நாட்டுக்கு ரெண்டு பேர்னு ஜோடி ஜோடியா வந்து ஆடினாங்களே அந்தப் போட்டி. ஸ்னூக்கர்னா பச்சைத் துணி போட்ட பெரிய டேபிள்ல க்யூங்கிற நீளக் குச்சியால வெள்ளைப் பந்தை அடிச்சு, அது மூலமா கலர் பந்துகளைப் பாக்கெட்ல தள்ற ஆட்டம். அதுக்கு காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம், ஆரணின்னு பழைய வட ஆற்காடு முழுக்க இருந்து கடிதாசி, வாட்ஸப் மெசேஜ்னு வந்து குவிஞ்சுடுச்சு. அதனால இந்த வாரம் வேற விஷயமே கிடையாது, முழுக்க ஸ்னூக்கர்தான்.

கே: அண்ணா, ஸ்னூக்கர்ல ஒருத்தர் ஆடும்போது இன்னொருத்தர் சேர்ல உக்காந்துகினு வேடிக்கை பார்க்கணும், அவ்ளோதான் ஆட்டம். இதுல டீம்னு ஒண்ணு எங்கிருந்து வந்துச்சு? ரெண்டு பேர் ஸ்கோரைக் கூட்டிப் போட்டா அது டீம் ஆயிடுமா?
*(காட்பாடி, இன்ஜினியரிங் மாணவர்)*

ப: நல்ல கேள்வி தம்பி, நிறைய பேர் இதையேதான் கேட்டிருக்காங்க, அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

இந்த உலகக் கோப்பை முதல்ல 1979ல இங்கிலாந்துல பர்மிங்காம்ல நடந்துச்சு. ஆறு டீம், டீமுக்கு மூணு பேர். வேல்ஸ் ஜெயிச்சாங்க, ரே ரியர்டன், டெர்ரி கிரிஃபித்ஸ், டக் மவுன்ட்ஜாய்னு மூணு பேரும் அப்போ உச்சத்துல இருந்தவங்க, ஃபைனல்ல இங்கிலாந்தை 14 ஃப்ரேமுக்கு 3ன்னு (ஃப்ரேம்னா ஒரு சுத்து ஆட்டம்) ஒண்ணுமில்லாம பண்ணிட்டாங்க. அடுத்த வருஷமும் வேல்ஸ்தான். 1982ல கனடா. அப்புறம் 1985, 86, 87னு தொடர்ந்து மூணு வருஷம் அயர்லாந்து, அலெக்ஸ் ஹிக்கின்ஸ், டென்னிஸ் டெய்லர், யூஜின் ஹியூஸ். இதுல டெய்லர் யாருன்னா 1985 உலக சாம்பியன்ஷிப் ஃபைனல்ல ஸ்டீவ் டேவிஸை கடைசி ஃப்ரேமோட கடைசி பிளாக் பந்துல 18-17ன்னு ஜெயிச்சவர், நடுராத்திரி தாண்டி ஒண்ணே முக்கால் கோடிக்கு மேல ஜனம் டிவில பார்த்த மேட்ச் அது.

இப்ப நீங்க கேட்டதுக்கு வர்றேன். ஸ்கோரைக் கூட்டினா டீம் ஆயிடுமான்னு கேட்டீங்கல்ல, ஆகாது. ஆகாதுங்கிறதுக்கு சாட்சியே அந்த அயர்லாந்துக்காரங்கதான். 1990ல ஹிக்கின்ஸும் டெய்லரும் வட அயர்லாந்துக்கு ஒண்ணா ஆடினாங்க, ஃபைனல் வரைக்கும் வந்தாங்க, கனடாகிட்ட 9-5ல தோத்தாங்க. அந்தப் போட்டி நடக்கும்போதே ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை, ஹிக்கின்ஸ் டெய்லரைப் பார்த்து உன்னை சுட வச்சுடுவேன்னு மிரட்டினது பேப்பர் பேப்பரா வந்துச்சு. ரெண்டு பேருமே உலக சாம்பியன், ஆட்டத்துல ஒரு குறை சொல்ல முடியாது, மூணு வருஷம் சேர்ந்து கோப்பை தூக்கினவங்க வேற. ஆனா மனசு பிரிஞ்சதும் ரெண்டு தனி ஆளு ஒரே டீ ஷர்ட் போட்ட மாதிரிதான் ஆச்சு.

இன்னொரு பக்கம் 2015 பாருங்க. போட்டி பல வருஷம் நடக்காம இருந்து 2011ல பாங்காக்ல திரும்ப வந்தப்போ டீமுக்கு ரெண்டு பேர்னு மாத்திட்டாங்க. 2015ல சீனாவுல வூஷி ஊர்ல 24 டீம். சீனா உள்ளூர்ங்கிறதால ரெண்டு டீம் இறக்கினாங்க, முதல் டீம்ல டிங் ஜுன்ஹுய் மாதிரி பெரிய ஆளுங்க, ரெண்டாவது டீம்ல யான் பிங்டாவ், ஜோ யுவெலாங்னு ரெண்டு பசங்க, ஒருத்தனுக்கு 15 வயசு இன்னொருத்தனுக்கு 17. எல்லாரும் முதல் டீமைத்தான் பார்த்துகிட்டு இருந்தாங்க. கோப்பையை அந்த ரெண்டு பசங்கதான் தூக்கினாங்க, ஃபைனல்ல எதிர்ல யாருன்னா ஸ்காட்லாந்து, நாலு தடவை உலக சாம்பியனான ஜான் ஹிக்கின்ஸும் (மேல சொன்ன அலெக்ஸ் வேற, இவர் வேற) ஸ்டீபன் மக்வயரும், ஸ்கோர் 4-1. தனித்தனியா ஒரு வாரம் பூரா ஆடச் சொல்லியிருந்தா அந்தப் பசங்க ஹிக்கின்ஸை தாண்டியிருப்பாங்களான்னு எனக்குத் தெரியல, ஜோடியா தாண்டிட்டாங்க. 2019ல அதே ஸ்காட்லாந்து ஜோடி அதே பசங்களை ஃபைனல்ல 4-0ன்னு அடிச்சு கணக்கைத் தீர்த்தாங்கங்கிறதையும் சொல்லிடணும்.

டீம்னா என்னன்னு தெரியணும்னா நீங்க ஆடுறவரைப் பார்க்காதீங்க, சேர்ல உக்காந்திருக்கிற பார்ட்னரைப் பாருங்க. தனி ஆட்டத்துல நீ உக்காந்திருக்கும்போது உனக்கு மட்டும்தான் பயம். டீம் ஆட்டத்துல பார்ட்னர் ஒரு லேசான பிங்க்கை மிஸ் பண்ணிட்டு திரும்பி வந்து பக்கத்துல உக்காருவான், அந்த நேரத்துல உங்க மூஞ்சில என்ன தெரியுதுங்கிறதுதான் அவனோட அடுத்த ஷாட். நான் சும்மா சொல்லல, ஆடிப் பார்த்தவங்க யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க.

கே: இந்தியா இந்த மாதிரி டீம் போட்டில ஏதாவது ஜெயிச்சிருக்கா?
*(ஆற்காடு, மளிகைக் கடைக்காரர்)*

ப: ஜெயிச்சிருக்கு, அதுவும் எப்படி! 2018 மார்ச், கத்தார்ல தோஹா, ஐபிஎஸ்எஃப் நடத்தின டீம் உலகக் கோப்பை. ஐபிஎஸ்எஃப்னா அமெச்சூர் ஆட்டக்காரங்களுக்கான உலக சங்கம், மேல சொன்ன வூஷி போட்டி புரொஃபஷனல் பக்கம், ரெண்டும் வேற வேற, குழப்பிக்காதீங்க. நம்ம பக்கம் பங்கஜ் அத்வானி, மனன் சந்திரா. ஃபைனல்ல எதிர்ல பாகிஸ்தான், பாபர் மசீஹ், முகமது ஆசிஃப். ஆசிஃப் லேசுப்பட்ட ஆளு இல்ல, உலக அமெச்சூர் சாம்பியன்.

அஞ்சு ஃப்ரேம்ல மூணு எடுக்கிறவங்களுக்கு கோப்பை. முதல் ஃப்ரேம் போச்சு. ரெண்டாவதும் போச்சு. 0-2. மூணாவது ஃப்ரேம் டபுள்ஸ், அதுவும் போனா கதை முடிஞ்சுது. அந்த டபுள்ஸை எடுத்தாங்க, அதுக்கப்புறம் எதிராளியை மாத்தி ஆடுற சிங்கிள்ஸ் ரெண்டையும் எடுத்து 3-2. அத்வானிகிட்ட உலகப் பட்டம் ஏகப்பட்டது இருக்கு, 2024 முடியும்போது 28. என்னைக் கேட்டா அத்தனைல ரொம்ப மனசுக்குப் பிடிச்சது இந்த தோஹா பட்டம்தான், ஏன்னா தன் ஃப்ரேமை தோத்துட்டு வந்து இன்னொருத்தனோட சேர்ந்து ஆடி மீட்ட பட்டம் இது. அஞ்சு ஃப்ரேம்ல டபுள்ஸை நடுவுல வச்சவன் புத்திசாலிங்க, ரெண்டு பேரும் அடி வாங்கி உக்காந்திருக்கிற நேரத்துல ரெண்டு பேரையும் சேர்த்து எழுப்பி விடுது.

கே: டபுள்ஸ்ல பார்ட்னர்கள் பேசிக்கலாமா? எங்க பார்லர்ல ஒருத்தன் ஷாட் அடிக்க குனிஞ்சா இன்னொருத்தன் பின்னாடி நின்னு "லெஃப்ட்ல வை, மெதுவா, மெதுவா"ன்னு கத்திகினே இருக்கான். இது ரூல்படி சரியா? அப்படியே ஆர்டர் எப்படின்னும் சொல்லுங்க.
*(ராணிப்பேட்டை, சிப்காட் கம்பெனி ஊழியர்)*

ப: சரியில்லை. நாலு பேர் ஆடும்போது பார்ட்னர்கள் பேசிக்கலாம்னு ரூல்லயே இருக்கு, ஆனா ஒருத்தர் தன் டர்னுக்கு டேபிளை நோக்கிப் போக ஆரம்பிச்சதுலேர்ந்து அந்த டர்ன் முடியற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. பேச வேண்டியதை எதிர் டீம் ஆடிகிட்டு இருக்கும்போது சேர்ல உக்காந்து காதோட காதா பேசிக்கணும். உங்க பார்லர் நண்பர்கிட்ட இதை நல்லவிதமா சொல்லுங்க. குனிஞ்சு க்யூ புடிச்சவனுக்கு அந்த நேரத்துல கேக்குற சத்தம் எதுவுமே உதவி இல்ல.

ஆர்டர்தான் இதுல ருசியான விஷயம், பல பேர் கவனிக்கிறதே இல்ல. ஒரு ஃப்ரேம் ஆரம்பிக்கும்போது நாலு பேரும் எந்த வரிசைல ஆடப்போறாங்கன்னு முடிவு பண்ணிடணும், ஃப்ரேம் முடியற வரைக்கும் அது மாறாது. அடுத்த ஃப்ரேம்ல வேணும்னா மாத்திக்கலாம். நம்ம ஆள் ஒருத்தர், அவங்க ஆள் ஒருத்தர், நம்ம ரெண்டாவது ஆள், அவங்க ரெண்டாவது ஆள். கேரம்ல டபுள்ஸ் ஆடினவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஃபவுல் ஆகி எதிர் டீம் "நீங்களே திரும்ப ஆடுங்க"ன்னு சொன்னா ஃபவுல் பண்ண அதே ஆள்தான் திரும்ப ஆடணும், பார்ட்னர் வந்து காப்பாத்த முடியாது. இது விசிட் முறை, ஒருத்தர் மிஸ் பண்ற வரைக்கும் அவரே ஆடுவார். சில போட்டிகள்ல ஸ்காட்ச் டபுள்ஸ்னு வைப்பாங்க, அதுல ஒரே டீம்ல ஒரு ஷாட் நீ, அடுத்த ஷாட் நான், அது இன்னும் கஷ்டம்.

சரி, இந்த வரிசை மாறாதுன்னா என்ன அர்த்தம்? நீங்க டேபிளை விட்டு வரும்போது உங்களுக்கு அடுத்து வர்றது எப்பவுமே அதே எதிராளிதான். அதனால அவங்க டீம்ல யார் நல்லா பாட் பண்ணுவானோ, நீட்டா பாக்கெட்ல இறக்குவானோ, அவனுக்கு முன்னாடி நம்ம டீம்ல நல்லா சேஃப்டி ஆடுறவரை, அதாவது எதிராளிக்கு சுலபமா எதையும் விட்டு வைக்காம ஆடுறவரை நிறுத்தணும். பெரிய பிரேக் அடிக்கிறவரை, அதாவது ஒரே டர்ன்ல தொடர்ந்து பாயின்ட் சேர்க்கிறவரை, அவங்க பக்கத்துல பலவீனமான ஆளுக்குப் பின்னாடி நிறுத்தணும், ஏன்னா பலவீனமான ஆள்தான் பந்தை திறந்து விட்டுட்டுப் போவான்.

ஒரு நிலைமை சொல்றேன். ரெண்டு ரெட் பிங்க்குக்குக் கீழ ஒட்டி நிக்குது, பிளாக் தன் ஸ்பாட்ல இருக்கு. ஒரு ரெட் மட்டும் ஓரத்துல, நடு பாக்கெட்டுக்கு மெல்லிசான ஆங்கிள்ல தெரியுது. அடிச்சா பத்துல நாலு தடவை விழும். தனி ஆட்டம்னா நம்ம பசங்க அடிச்சுடுவாங்க, விழுந்தா கைதட்டல். டபுள்ஸ்ல நல்ல ஆள் என்ன செய்வார்னா அந்த ரெட்டோட ஓரத்தை லேசா உரசிட்டு வெள்ளைப் பந்தை ரெண்டு குஷன் தட்ட விட்டு மறு கோடிக்கு அனுப்பி பிரவுனுக்குப் பின்னாடி ஒட்டி உக்கார வச்சுடுவார். கைதட்டல் கிடையாது, ஸ்கோர் போர்டுல ஒண்ணும் ஏறாது. எதிராளி பிரவுனைச் சுத்தி ரெட்டைத் தொடணும், தொடலைன்னா நமக்கு குறைஞ்சது நாலு பாயின்ட், தொட்டாலும் பந்தைக் கட்டுப்படுத்த முடியாம திறந்து விட்டுடுவான், அந்தத் திறந்த டேபிளுக்கு வர்றது நம்ம பார்ட்னர். அவர் அடிக்கப்போற அம்பதுல பாதி இந்த ஷாட் ஆடினவருக்கு சேரணும், எந்த போர்டுலயும் எழுத மாட்டாங்க, பார்ட்னருக்கு மட்டும் தெரியும்.

கே: நான் ஆம்பூர்ல தோல் ஷெட்ல வேலை செய்றேன். க்யூ நுனியில இருக்கிறது தோலாமே, உண்மையா? நம்ம தோலை ஒட்டினா ஆகாதா?
*(ஆம்பூர் வாசகர்)*

ப: உண்மைதான் அண்ணா. அதுக்குப் பேர் டிப், ஸ்னூக்கர் க்யூல ஒன்பது, பத்து மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். ஒரு காலத்துல வெறும் மர நுனியாலதான் அடிச்சாங்க, நடுவுல அடிக்காம கொஞ்சம் விலகினா வழுக்கிடும். 1800களோட ஆரம்பத்துல மிங்கோன்னு ஒரு ஃபிரெஞ்சு ராணுவ அதிகாரி நுனியில தோல் வச்சு ஆடினார், அதுக்கப்புறம்தான் பந்தை மேல, கீழ, பக்கத்துல அடிச்சு சுழல விடுறதுங்கிறதே கைவசம் வந்துச்சு. இன்னிக்கு நம்ம டிவில பார்க்கிற வெள்ளைப் பந்து பின்னாடி இழுத்துகிட்டு வர்ற ஷாட் எல்லாமே அந்தக் காசு அகலத் தோல் போட்ட பிச்சை.

ஆனா ஷூவுக்கு மேல் தோலா போறதை வெட்டி ஒட்டினா நிக்காது. அது மிருதுவா வளையறதுக்குன்னு பதப்படுத்தினது, நாலு அடில ஓரம் பிதுங்கி வெளிய வந்துடும். டிப்புக்கு தோலை அழுத்தி கெட்டியாக்குவாங்க, இல்லைன்னா மெல்லிசு மெல்லிசா பல அடுக்கு ஒட்டி செய்வாங்க. தோல் கை வச்சா தரம் தெரியுற ஊர் உங்க ஊர், டிப் செய்ற வேலையும் அங்க யாராவது எடுத்து செய்யலாமேன்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை, ஷெட்ல முதலாளிகிட்ட பேச்சுவாக்குல சொல்லிப் பாருங்க.

கே: ஐயா, என் பையன் பிளஸ் டூ முடிச்சிட்டு காலேஜ் சேர்ந்திருக்கான். சாயங்காலம் ஆனா ஸ்னூக்கர் பார்லர்னு கிளம்பிடறான். சொந்தக்காரங்க எல்லாம் அது கெட்டுப்போற எடம்னு சொல்றாங்க. நீங்க இந்த ஆட்டத்தைப் பத்தி இவ்ளோ உசத்தியா எழுதறீங்களே, நான் அனுப்பறதா வேணாமா?
*(குடியாத்தம், ஒரு அம்மா)*

ப: அம்மா, உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன். உங்க கவலை நியாயமானது, அதை சொந்தக்காரங்க பேச்சுன்னு நான் தள்ளமாட்டேன்.

ஆட்டம் கெட்டது இல்ல. சுதந்திர இந்தியா எந்த விளையாட்டுலயும் தனி ஆளா எடுத்த முதல் உலகப் பட்டமே இந்தப் பச்சைத் துணி டேபிள்லதான் வந்துச்சு, 1958ல கல்கத்தாவுல வில்சன் ஜோன்ஸ் பில்லியர்ட்ஸ்ல எடுத்தார். 147னு ஒரு முழு பிரேக் அடிக்கணும்னா 36 பந்தை வரிசையா மிஸ் பண்ணாம போடணும், ஒவ்வொரு பந்தையும் அடிக்கும்போது அடுத்த பந்துக்கு வெள்ளை எங்க நிக்கணும்னு யோசிக்கணும். அவசரக்காரனுக்கும் கோவக்காரனுக்கும் இந்த ஆட்டம் வராது. பையனுக்கு இது வருதுன்னா அவன்கிட்ட பொறுமை இருக்குன்னு அர்த்தம்.

எடம் எப்படி இருக்குங்கிறதுதான் கேள்வி, அதுக்கு ஒரே வழி நீங்களோ அவங்க அப்பாவோ ஒரு நாள் சொல்லிட்டே போய் பாருங்க, திருட்டுத்தனமா வேணாம். உள்ள சிகரெட் புகை இருக்கா, கதவை எந்நேரமும் சாத்தி வச்சிருக்காங்களா, பொண்ணுங்க வந்தா மரியாதையா நடத்துற எடமா, பார்த்தாலே தெரிஞ்சுடும். இன்னொண்ணு முக்கியமா கேளுங்க, டேபிள் வாடகை யார் குடுக்கிறாங்க? நம்ம ஊர் பார்லர்கள்ல பாதி எடத்துல தோத்தவன் குடுக்கணும்னு ஒரு பழக்கம். கேக்க சின்ன விஷயம், அங்கிருந்துதான் பந்தயம் ஆரம்பிக்குது. இன்னிக்கு வாடகை, நாளைக்கு டீ காபி, அடுத்த வாரம் நூறு ரூபா. பையன்கிட்ட "உன் பங்கு வாடகையை நான் தர்றேன், ஜெயிச்சாலும் தோத்தாலும் பாதி பாதி போட்டு ஆடு"ன்னு சொல்லுங்க. அந்தக் கண்டிஷன்ல ஆட அங்க யாரும் ஒத்துக்கலைன்னா அந்தப் பார்லர் வேணாம். ஒத்துகிட்டா தாராளமா விடுங்க, நேரம் மட்டும் குறிச்சு விடுங்க. ஜோடி சேர்ந்து டீமா ஆடச் சொல்லுங்க, தனியா காசு கட்டி ஆடுறதை விட பார்ட்னர் இருக்கிற பையன் சீக்கிரம் தடம் மாற மாட்டான்னு நான் நம்பறேன்.

கே: உலகக் கோப்பை ஜெயிச்ச சீனாக்காரங்களே பிற்பாடு மேட்ச் ஃபிக்ஸிங்ல மாட்டினாங்களாமே?
*(ஆரணி, ஆசிரியர்)*

ப: ஆமாங்க சார், எழுதவே கஷ்டமா இருக்கு. 2023 ஜூன்ல பத்து சீன ஆட்டக்காரங்களுக்கு தடை வந்துச்சு. 2011லயும் 2017லயும் டிங்கோட சேர்ந்து உலகக் கோப்பை தூக்கின லியாங் வென்போவுக்கு வாழ்நாள் தடை. நான் மேல பெருமையா சொன்னேனே 15 வயசுப் பையன் யான் பிங்டாவ், அவன் 2021ல மாஸ்டர்ஸ்ங்கிற பெரிய புரொஃபஷனல் போட்டி ஃபைனல்ல ஜான் ஹிக்கின்ஸையே தனியா ஜெயிச்சவன், அவனுக்கு அஞ்சு வருஷ தடை. சின்னப் பசங்க சிலர் மூத்தவங்க சொன்னா தட்ட முடியாத நிலைமைல இருந்தாங்கங்கிறதும் விசாரணைல வந்துச்சு, அதுக்காக செஞ்சது சரின்னு ஆகாது. அதே பட்டியல்ல 20 மாசம் தடை வாங்கின ஜாவ் ஷின்டாங் திரும்ப வந்து 2025 மே மாசம் மார்க் வில்லியம்ஸை 18-12ல ஜெயிச்சு சீனாவோட முதல் உலக சாம்பியன் ஆனார். அவர் இன்னொரு ஆட்டக்காரர் மேட்ச் ஃபிக்ஸ் பண்ணதுக்கு உடந்தையா இருந்ததாவும் தானே பந்தயம் கட்டினதாவும் ஒத்துகிட்டவர், தன் மேட்ச்சை விட்டுக் குடுத்தவர் இல்ல. குடியாத்தத்து அம்மாவுக்கு வாடகை விஷயத்தை அவ்வளவு அழுத்திச் சொன்னேன்ல, காரணம் இதுதான்.

கே: பொண்ணுங்க ஆடலாமா? காலேஜ் ரிக்ரியேஷன் ரூம்ல டேபிள் இருக்கு, பசங்க கூட்டத்துல போய் க்யூ எடுக்கவே கூச்சமா இருக்கு.
*(சத்துவாச்சாரி, மாணவி)*

ப: போய் எடும்மா. 2025 நவம்பர்ல தோஹாவுல அனுபமா ராமச்சந்திரன்னு நம்ம சென்னைப் பொண்ணு ஐபிஎஸ்எஃப் உலக சாம்பியன் ஆச்சு, 15 ரெட் ஆட்டத்துல, அதாவது 15 சிவப்புப் பந்து வச்சு ஆடுற வழக்கமான ஸ்னூக்கர்ல, இந்தியப் பொண்ணு ஒருத்தர் அந்தப் பட்டத்தை எடுத்தது அதுதான் முதல் தடவை. ஃபைனல்ல எதிர்ல ஹாங்காங்கோட இங் ஆன் யீ, மூணு தடவை பெண்கள் உலக சாம்பியன், 3-2ல ஜெயிச்சாங்க. அதே இங் ஆன் யீகிட்டதான் 2017 சிங்கப்பூர் ஃபைனல்ல நம்ம வித்யா பிள்ளை 5-6ன்னு கடைசி ஃப்ரேம்ல விட்டாங்க, அன்னிக்கு பார்த்தவங்களுக்கு அனுபமா ஜெயிச்சப்போ எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோ.

2022ல இங்கிலாந்துல ஆண் பெண் கலந்த டபுள்ஸ் போட்டி ஒண்ணு வச்சாங்க, நீல் ராபர்ட்சனும் தாய்லாந்துப் பொண்ணு மிங்க் நுச்சருட்டும் ஜெயிச்சாங்க. மிங்க் அங்க ஒப்புக்கு நின்ன பார்ட்னர் இல்ல, அந்த வருஷத்து பெண்கள் உலக சாம்பியன். பலம், உயரம் பெருசா உதவாத ஆட்டம் இது, கை எட்டலைன்னா ரெஸ்ட்னு ஒரு கொம்பு இருக்கு, அதை உலக சாம்பியன்களும் எடுக்கிறாங்க. தனியா போக கூச்சம்னா தோழியைக் கூட்டிகிட்டு ஜோடியா போ.

கே: ஸ்னூக்கர் ஊட்டிலதான் பொறந்துச்சாமே?
*(வாலாஜாபேட்டை)*

ப: பொறந்தது ஜபல்பூர், 1875ல, அங்க இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் கைல. நெவில் சேம்பர்லெய்ன்னு ஒரு இளம் அதிகாரி, பின்னாடி பிரதமரா வந்தவர் வேற ஆள். அவர் அப்புறம் ஊட்டிக்கு வந்தார், ஊட்டி கிளப்ல ஆட்டம் புடிச்சுப் போச்சு, விதிமுறைகளை ஒழுங்கா எழுதி சுவத்துல மாட்டினது அங்கதான். பொறந்தது அங்க, சட்டதிட்டத்தோட வளர்ந்தது நம்ம நீலகிரில, அதனால நாம உரிமை கொண்டாடலாம், தப்பில்ல.

கே: பார்லர் வச்சிருக்கேன். கத்திரி வெயில்ல டேபிள் ஒரு மாதிரி ஓடுது, ஐப்பசி மழைல பந்து நகரவே மாட்டேங்குது. டோர்னமென்ட்ல எல்லாம் எப்படி வருஷம் பூரா ஒரே மாதிரி வச்சிருக்காங்க?
*(தோட்டப்பாளையம், வேலூர்)*

ப: அங்க டேபிளுக்கு அடியில, ஸ்லேட் கல்லுக்குக் கீழ ஹீட்டர் வச்சு சூடாவே வச்சிருக்காங்க, துணில ஈரம் ஏறாது, பந்து வேகமா ஓடும். நமக்கு எட்டு மாசம் சூரியனே அந்த வேலையை சும்மா செஞ்சு குடுத்துடறார், பிரச்சனை மழைக்காலம்தான். ஈரக் காத்து உள்ள வராம பாருங்க, ஏசி இருந்தா மழை நாள்ல கொஞ்ச நேரம் முன்னாடியே போட்டு வைங்க, ஆட்டம் முடிஞ்சதும் கவர் போடுங்க.

துணி விஷயம் ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க, பல பார்லர்ல இதை யாரும் செய்றதில்ல. ஸ்னூக்கர் துணிக்கு ரோமம் மாதிரி ஒரு வாட்டம் இருக்கு, டி கோடு போட்ட பக்கத்துலேர்ந்து பிளாக் ஸ்பாட் பக்கமா படுத்திருக்கும். உள்ளங்கையால தடவிப் பாருங்க, அந்தப் பக்கமா போனா வழவழன்னு போகும், திரும்ப வந்தா சொரசொரன்னு தட்டும். பிரஷ் போடுறது, இஸ்திரி போடுறது ரெண்டுமே அந்த ஒரே திசைலதான். முன்னும் பின்னும் தேய்ச்சா மெதுவா உருட்டின பந்து கோணிகிட்டு போகும், ஆடுறவன் தன் கை சரியில்லைன்னு நினைச்சு ஸ்டைலை மாத்திகிட்டு கெட்டுப்போவான். சாக் பவுடர் விழுந்த எடத்தை வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் பட்டு துணி கறுத்துடும், பிரஷ்ஷால எடுங்க.

கே: எங்க பார்லர்ல மொத்தமே ரெண்டு டேபிள். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைன்னு டீம் போட்டி ஒண்ணு வைக்கலாம்னு ஆசை. எப்படி நடத்துறது?
*(சாயிநாதபுரம், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து எழுதியது)*

ப: எழுதினதுலயே எனக்கு ரொம்ப புடிச்ச கடிதம் இது. கட்டாயம் வைங்க.

டீமுக்கு ரெண்டு பேர். தோஹா மாதிரியே அஞ்சு ஃப்ரேம், ரெண்டு சிங்கிள்ஸ், நடுவுல டபுள்ஸ், அப்புறம் எதிராளியை மாத்தி ரெண்டு சிங்கிள்ஸ், மூணு எடுத்தா வெற்றி. 15 ரெட் வச்சா நம்ம ஆளுங்க ஒரு ஃப்ரேமுக்கு அரை மணி நேரத்துக்கு மேல எடுப்பாங்க, ராத்திரி பன்னெண்டு ஆயிடும், பார்லர்காரர் கதவை சாத்திடுவார். 6 ரெட் வைங்க, அதுவும் உலகப் போட்டியா நடக்குற ஆட்டம்தான், முழு பிரேக்கே 75தான், சீக்கிரம் முடியும், மிஸ் பண்ணவனுக்கு திரும்ப வர வாய்ப்பும் இருக்கும். டபுள்ஸை மட்டும் 15 ரெட் வைங்கன்னு நான் கேட்டுக்கறேன், சேஃப்டியும் ஆர்டரும் அப்பதான் வேலை செய்யும்.

புதுசா ஆடுறவங்க இருந்தா ஸ்டார்ட் குடுங்க, 10 பாயின்ட், 15 பாயின்ட்னு முன்கூட்டியே போர்டுல ஏத்திட்டு ஆரம்பிக்கிறது. யாருக்கு எவ்வளவுங்கிறதை டீம் கேப்டன்கள் இல்லாம பார்லர்ல பெரியவர் ஒருத்தர் முடிவு பண்ணட்டும், இல்லைன்னா முதல் நாளே சண்டைதான். ஆடாம காத்திருக்கிற டீம்லேர்ந்து ஒருத்தர் ரெஃப்ரி, இன்னொருத்தர் ஸ்கோர். கலர் பந்தை ஸ்பாட்ல வைக்கிறது ரெஃப்ரி மட்டும்தான், ஆடுறவங்க தொடக் கூடாது. வாடகையை எல்லா டீமும் சமமா முன்னாடியே கட்டிடணும், தோத்தவன் குடுக்கிற கதையே வேணாம். சத்துவாச்சாரி மாணவி மாதிரி பொண்ணுங்க டீம் வந்தா சேர்த்துக்கோங்க, தனிப் பிரிவுன்னு ஒதுக்காதீங்க.

டிசம்பர் மழை முடிஞ்சு தை பொறந்ததும் வச்சா துணியும் காஞ்சிருக்கும், பொங்கலுக்கு ஊருக்கு வந்த பசங்களும் இருப்பாங்க. முடிஞ்சதும் ஸ்கோர் எழுதி அனுப்புங்க, போடறேன். யார் ஜெயிச்சாங்கங்கிறதோட நிறுத்தாம டபுள்ஸ்ல நாலு பேரும் எந்த வரிசைல ஆடினாங்க, ஏன் அப்படி நின்னாங்கன்னும் சேர்த்து எழுதுங்க, எனக்கு அதுதான் முதல்ல படிக்கணும்.